நாள்தோறும் தலைவலி: வலிநிவாரணியே காரணமாகும்போது

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வலி தணிய அடிக்கடி மாத்திரை உட்கொண்டால், நாளடைவில் அம்மாத்திரையே வலி நீடிக்கக் காரணமாகலாம். இது மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி எனப்படும்.

எப்போது ஐயுற வேண்டும்?

மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, கீழ்க்கண்ட அளவில் 3 மாதங்களுக்கு மேல் மருந்து உட்கொண்டிருந்தால் மருத்துவரை அணுகவும்.

• பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை: மாதத்தில் 15 நாள்கள் அல்லது கூடுதல்
• டிரிப்டான், எர்கோட்டமைன், ஓபியாய்டு, கூட்டு வலிநிவாரணிகள்: மாதத்தில் 10 நாள்கள் அல்லது கூடுதல்

சிகிச்சை

மிகையாக உட்கொண்ட மருந்தை மருத்துவரின் ஆலோசனையுடன் நிறுத்துவதே முதற்படி. ஓபியாய்டு வகையைத் திடீரென நிறுத்தலாகாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தியபின் பெரும்பாலும் 2 முதல் 10 நாள்கள் வரை வலி, குமட்டல், உறக்கமின்மை மிகலாம், இவை தற்காலிகமானவை. இக்காலத்தில் குடும்பத்தினரின் துணை இன்றியமையாதது.

ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் போன்ற தடுப்பு மருந்துகளுள் பொருத்தமானதை மருத்துவர் பரிந்துரைப்பார். ஆஸ்துமா, கருவுற்றிருத்தல், கருவுறும் திட்டம் ஆகியவற்றை முன்னரே தெரிவிக்கவும்.

வலித்த நாள், நேரம், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டவும்.

உடனடி மருத்துவ உதவி

திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை இழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் தாமதமின்றி 108 எண்ணை அழைக்கவும்.