தாயகம் திரும்பியோரும் தொழிலும்: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டிலே பிறந்து, அந்நாட்டின் மண்ணிலே உழைத்து வளர்ந்த மக்களைப் பிறிதொரு நாட்டிற்கு அனுப்பும் செயல் "தாயகம் திரும்புதல்" எனப் பெயர் பெறும்போது, அப்பெயரே பல வினாக்களை மறைத்துவிடுகின்றது. திரும்புவோர் எங்கே வாழ்வர், எத்தொழிலைச் செய்வர், அவர்கள் கைப்பழக்கத்திற்கு அங்கே என்ன மதிப்புண்டு என்பன அவ்வினாக்களுட் சில. இலங்கையின் பெருந்தோட்டங்களிலிருந்து 1960களின் பிற்பகுதி தொடக்கம் 1984 ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டிற்குச் சென்ற மக்களின் வரலாறு இவ்வினாக்களைத் தெளிவாக எழுப்புகின்றது. அரசியல் நோக்கிலும் பிரஜாவுரிமை நோக்கிலும் அவ்வரலாறு பலராலும் ஆராயப்பட்டுள்ளது. சென்றவர்களின் தொழில்வாய்ப்பு என்ற ஒரு கோணத்தில் மட்டும் அதனை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய வரண்ட பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் முற்பணத்தாற் கட்டுண்டு வந்தவர்களே இவர்களிற் பெரும்பாலானோர். சொந்த ஊரிற் காணியில்லாதவர்களும், சாதிக் கொடுமையால் ஒடுக்கப்பட்டவர்களும் அவர்களுட் பலராயிருந்தனர். அவர்கள் ஊரைவிட்டு வந்ததற்கான காரணம் அங்கே தொழில் இல்லாமையே என்பதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், மூன்று தலைமுறைகளின் பின்னர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே ஊர்களுக்கேயாகும்.

சுதந்திரத்தின் பின்னர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமும் அவர்களிற் சிறு தொகையினருக்கே வாயிலைத் திறந்தது. 1954 ஆம் ஆண்டின் நேரு – கொத்தலாவல ஒப்பந்தமும் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. இறுதியில் 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். நாடற்றவர் தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. இவ்வெஞ்சிய தொகையினர் 1974 ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடுகள் இரண்டும் மக்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்ட இம்முறை அக்காலத்திலேயே கண்டனத்திற்குள்ளாயிற்று. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்து அங்கே கேட்கப்படவில்லை.

ஒப்பந்தத்தின் வாசகங்களைத் தொழில் என்ற நோக்கில் வாசிக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். தொழிலில் ஈடுபட்டிருப்போர் நாட்டை விட்டுச் செல்லும்வரை, அல்லது 55 வயதை அடையும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, தொழிலிற் தொடர்ந்திருக்கலாம் என்பது ஒரு நிபந்தனை. சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளை அவர்கள் எடுத்துச் செல்லலாம் என்பதும், ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்பதும் மற்றொரு நிபந்தனை. இங்கே எதுவரை தொழில் செய்யலாம் என்பதும், இங்கிருந்து எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதும் எழுத்திலே இடம்பெற்றன. அங்கே போய் என்ன தொழில் செய்வது என்பதற்கு அவ்வொப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. பின்னர் நிகழ்ந்தவற்றிற் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே விளைந்தன எனலாம்.

கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கடவுச்சீட்டோடு ஒரு குடும்ப அட்டையையும் வழங்கியது. குடும்பத்தவர் விபரமும், இந்தியாவிற் கிடைக்கவிருந்த மறுவாழ்வு உதவியின் விபரமும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. தோட்டங்களிலே கண்ணீரோடு விடைபெற்ற குடும்பங்கள் புகையிரதத்திலே தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறின. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறையுமுன்னரே, 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை அழிந்துவிட்டமையால், அவர்கள் இராமேஸ்வரத்திலே கரையிறங்கினர். அடுத்த தங்குமிடம் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரைத் தொற்றுநோய்க் காப்புக்காகத் தடுத்துவைத்து, சோதித்து அனுப்பிய இடமும் அதுவே. பாட்டனார் தொழில்தேடிக் கடந்த வாயிலையே பேரன் தொழிலிழந்து மீண்டும் கடக்க நேர்ந்தது.

முகாமிலிருந்து அவர்கள் சென்ற வழிகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, தோட்டத் தொழில். இரண்டாவது, ஆலைத் தொழில். மூன்றாவது, வியாபாரக் கடன்.

தோட்டத் தொழிலைப் பொறுத்தவரையில், தமிழ்நாட்டு அரசு 1968 இல் நீலகிரி மலைகளிலே வனத்துறையின் கீழ்த் தேயிலை பயிரிடத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிலே காடு திருத்தித் தேயிலை நாட்டும் பணியில் தாயகம் திரும்பியோர் அமர்த்தப்பட்டனர். இத்திட்டமே 1970களின் நடுப்பகுதியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்ற அரசு நிறுவனமாக உருப்பெற்றது. கன்னியாகுமரியின் அரசு இறப்பர்த் தோட்டங்களும் சிலருக்கு வேலை அளித்தன. தமிழ்நாட்டிற்கு வெளியே, கேரளத்தின் புனலூரில் 1976 இல் நிறுவப்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்கள், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலின் இறப்பர்த் தோட்டம் ஆகியனவும் இவர்களுக்கென உருவாயின. இரண்டாவது வழியாக, கூட்டுறவு நூற்பாலைகள் முதலியவற்றுக்கு அரசு கடனளித்து, அதற்கு ஈடாக ஒரு தொகையினருக்கு வேலை வழங்கச் செய்தது.

இவ்விரண்டு வழிகளும் சேர்ந்து ஏற்றுக்கொண்டவர் தொகை சிறிதேயாகும். வந்தவர்களிற் பெரும்பாலானோர்க்குக் கிடைத்தது மூன்றாவது வழியான வியாபாரக் கடனே. 5,000 ரூபா வரையிலான கடனைத் தவணைகளாகப் பெற்று, சில்லறைக் கடை போன்ற ஏதாவதொரு சிறுதொழிலைத் தொடங்குவதே அதன் ஏற்பாடு. 1964 இல் பர்மாவிலே கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமாக்கப்பட்டமையால் அக்காலத்திற் தமிழ்நாடு திரும்பியவர்களுள் வணிகமறிந்தோர் பலர் இருந்தனர். சென்னைக் கடற்கரை நிலையத்தருகே எழுந்த பர்மா பஜார் அவர்களுடைய திறமைக்குச் சான்று. அத்தகையோருக்குக் கடன் ஒரு கைம்முதலாகும். தோட்டத் தொழிலாளியின் நிலையோ வேறு. அவர் அறிந்தவை கொழுந்து பறித்தலும், கவ்வாத்து வெட்டுதலும், முள்ளுக் குத்துதலும், கான் வெட்டுதலும் ஆகும். அரிசி முதலான பொருள்களைத் தோட்டத்திலே பெற்று, அவற்றின் விலையைச் சம்பளத்திற் கழிக்கக் கொடுத்துப் பழகியவருக்குக் கொள்முதல், விற்பனை, கடன் வசூல் ஆகியவை முற்றிலும் புதியவை. முன்பின் அறியாத ஊரிலே, வாடிக்கையாளரும் வறியவராயிருக்க, கைக்கு வந்த கடன் உணவுக்கும் மருந்துக்குமாகக் கரைந்தது. வியாபாரம் மறைந்தது. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் மட்டும் எஞ்சியது.

இவ்விடத்தே பெரிதும் கவனிக்கப்படாத ஒரு விடயத்தைக் குறிப்பிடல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களிலே கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகிய அனைவரும் செக்ரோலிற் பேர் பதிந்தவர்கள். குடும்பத்தின் வருவாய் பல கைகளின் கூட்டு வருவாயாக இருந்தது. கொழுந்து பறிக்கும் வேலையோ பெரும்பாலும் பெண்களுடையது. மறுவாழ்வுத் திட்டம் குடும்பத்தை ஓர் அலகாகவும், குடும்பத் தலைவனை அதன் பிரதிநிதியாகவும் கொண்டு கடன் வழங்கியது. இதனால் ஒரு குடும்பம் கடல் கடந்தபோது பல தொழில்கள் ஒழிந்து, அவற்றினிடத்தில் ஒரு கடன் வந்தது. தன் பெயரிலே சம்பளம் பெற்ற பெண், அரசாங்கப் பத்திரங்களிலே வெறும் தங்கி வாழ்பவளாகக் கணிக்கப்பட்டாள். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

கடனாற் பயன்பெறாதோர் தாமறிந்த தொழிலைத் தேடி மீண்டும் மலையேறினர். திட்டப்படி சமவெளி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்ட பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தாமாகவே சென்று, தனியார் தோட்டங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் கிடைத்த கூலிக்கு உழைத்தனர். கொடைக்கானற் பகுதியிலே மரம் வெட்டும் ஒப்பந்தகாரரிடம் முற்பணம் பெற்று, அதனைத் தீர்க்க இயலாது கொத்தடிமைகளாகச் சிலர் கட்டுண்டிருந்தமை 1980களிலே வெளிப்பட்டது. கங்காணியின் முற்பணத்தோடு தொடங்கிய பயணம் ஒப்பந்தகாரரின் முற்பணத்தில் முடிந்ததென்பது வரலாற்றின் கொடிய முரணாகும். இலங்கையிலே "இந்தியாக்காரர்" எனப்பட்டவர்கள் அங்கே "சிலோன்காரர்" எனப்பட்டனர். கூலி குறைவாயினும் மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களை இப்பெயர் மேலும் தனிமைப்படுத்தியது.

அவ்வாறாயின் அவர்கள் ஏன் சென்றனர் என்ற வினா எழலாம். அனைவரும் விருப்பத்தோடு சென்றவரல்லர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் குலைத்தன. எனவே அங்கிருந்த தொழிலின் ஈர்ப்பைவிட இங்கிருந்த அச்சத்தின் உந்துதலே வலியது எனலாம். 1984 இல் கப்பற் சேவை நின்றபோது திரும்பிச் செல்லுதலும் நின்றது. அதுவரையிற் சென்றவர், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் செல்லாது எஞ்சியோர்க்கும் நாடற்றோர்க்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுவாழ்வு முயற்சிகள் அனைத்தும் வீணாயின என்று கூறுதல் நேர்மையாகாது. 1969 இல் தாயகம் திரும்பியோருக்கென நிறுவப்பட்ட கூட்டுறவு நிதி, வளர்ச்சி வங்கியான ரெப்கோ இன்றும் இயங்குகின்றது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலே வேலை பெற்றவர்கள் வீடும் சம்பளமும் பெற்று, பிள்ளைகளைப் படிப்பித்து, ஒரு சமூகமாக நிலைகொண்டனர். அறிந்த தொழில், குடும்பத்திற் பலருக்கும் வேலை, கூடி வாழும் வாய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலே குடியேற்றம் வேரூன்றியது. இவை இல்லாத இடத்தில் அது வேரூன்றவில்லை. ஆயினும் அங்கேயும் உறுதி நிலைக்கவில்லை. தொடர்ந்து நட்டமடைந்த தேயிலைக் கழகம், தன் நிலத்தில் 2,152 ஹெக்டயரை வனத்துறையிடமே திருப்பியளிக்க 2022 இல் அரசு ஆணையிட்டபோது, காடு திருத்தித் தேயிலை வளர்த்தவர்களின் வழித்தோன்றல்கள் தம் வேலையும் வதிவிடமும் என்னாகுமென்று அஞ்சிப் போராட வேண்டியவராயினர்.

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 1983 இன் பின்னர் அகதிகளாகச் சென்று தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலே வாழ்வோருள் மலையக வம்சாவளியினரும் உள்ளனர். அவர்கள் இலங்கைக்குத் திரும்புவது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகின்றது. இம்முறை பயணத்தின் திசைதான் மாறியுள்ளது. தாயகம் என்ற சொல் மாறவில்லை. எத்தனை பேர், எந்தக் கப்பலில், எந்தப் பத்திரத்தோடு என்ற வினாக்களுக்கு முன்னர், இவர்களுடைய கைகள் அறிந்த தொழில் எது, அதனைச் செய்ய இடம் எங்கே, பெண்ணின் சம்பளம் யார் பெயரில் என்ற வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். 1964 இல் இவை கேட்கப்படவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டவர்களல்லர். தலைமன்னாரிற் கப்பலேறிய தொழிலாளரேயாவர்.