சில்லுகளின் சாட்சி

குறை என்ற பொருளில் வழங்கும் ‘ஃப்ளா’ என்ற ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் குறையைக் குறிக்கவில்லை. கற்பலகையைக் குறித்த ‘ஃப்ளாகா’ என்ற பழைய வடபுல ஐரோப்பியச் சொல்லோடு அறிஞர்கள் அதை உறவுபடுத்துகிறார்கள். முதலில் அது செதிளையும் சில்லையும் சுட்டியது, பின்னரே எதிலும் யாரிடத்தும் காணும் குறையை. நம்மிடத்திலும் மணிக்குற்றங்கள் கல்லைக் கூர்ந்து பார்த்தே பெயர் பெற்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை வயிரத்துக்குச் சொல்லும் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு. கல்லில் கை வைத்தவர்களுக்குச் சில்லும் குறையும் பிரிக்க முடியாதவை. கொங்கு நாட்டின் பழைய மணித்தொழிலுக்கு வலுவான சாட்சியும் அந்தச் சில்லுகளே என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குச் சென்ற பெருவழியில் அமைந்த ஊர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் இதன் அணிகலன்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். 1985 முதல் இங்கே நடந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவை மூலக்கல்லாகவும், சில்லாகவும், துளையிடாமலும், பட்டை தீட்டாமலும் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் வெட்டியெடுக்கப்பட்டதால் அந்தக் கல்லுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இக்கல் இந்தியாவுக்கு வெளியே அரிது என்கிறார். அதன் குற்றங்களையும் குறிப்பிட்டு, மாசற்ற கற்களைத் துளையிடலாகாது என்ற கொள்கையையும் பதிவு செய்கிறார். தேறிய கல் எது, தேறாத கல் எது என்று பார்க்கும் கண்ணே இத்தொழிலின் மூலதனம்.

கொடுமணல் வெறும் சந்தைதானே, மணிகள் வேறெங்கோ செய்யப்பட்டு இங்கே கைமாறியிருக்கலாமே என்று கேட்கலாம். சூதுபவளம் போன்ற கற்கள் தொலைவிலிருந்து வந்தவை என ஆய்வாளர்கள் கருதுவதும் இந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கும். ஆனால் மூலக்கல் வெளியூரிலிருந்து வந்ததாலேயே வேலையும் வெளியூரில் நடந்தது என்றாகாது. விலைபோகும் மணியை வணிகன் எத்தனை காதமும் சுமப்பான். பெயர்ந்த சில்லை ஒருவரும் சுமக்க மாட்டார். அது உளி பட்ட இடத்திலேயே கிடக்கும். புலவர் பாட்டே போதாதா என்றும் சிலர் கேட்கக்கூடும். பாட்டு ஊரின் புகழைச் சொல்லும். பட்டறையில் வேலை நடந்த முறையைச் சொல்லாது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளும் செல்வம் வந்ததைக் காட்டுமே தவிர, அதை உழைத்து ஈட்டிய கைகளைக் காட்டா.

குறையற்ற மணிகள் பலவும் கடல் கடந்து போயின. தேறாதவை மண்ணில் தங்கி, பெயர் தெரியாத கொங்குக் கைவினைஞர்களுக்காக இன்று பேசுகின்றன. நொய்யல் கரையில் உழும்போதோ மண் எடுக்கும்போதோ வண்ணக் கற்சில்லுகள் தட்டுப்பட்டால், உடைசல்தானே என்று வீசிவிடாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கிடந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் அந்தச் சாட்சியின் பாதி போய்விடும்.