கோவில் அறிவிப்பு: ஓலையிலிருந்து கைப்பேசி வரை

புதுச்சேரியில் கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஓலை எப்போ வாசிக்கிறாங்க?" என்பதுதான். ஓலையைக் கண்ணால் பார்த்தவர் இப்போது யாரும் இல்லை. சாமியார் கையில் இருப்பது தட்டச்சு செய்த காகிதம். ஆனாலும் வாய்க்கு ஓலைதான் வருகிறது. கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பதற்குத்தான் மூன்று ஓலை வாசிப்பது என்று பெயர். பிரெஞ்சில் இதை 'பான்' என்போம். இப்படி மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்று 1563ஆம் ஆண்டு திரெந்து சங்கம் சட்டமாக்கியது. பிரெஞ்சுச் சிவில் சட்டமும் இதே பழக்கத்தை எடுத்துக்கொண்டு, கல்யாண அறிவிப்பை மேரி வாசலில் ஒட்ட வேண்டும் என்றது. நம்மூர்க் கத்தோலிக்கர் பலருக்குக் கோவிலிலும் ஓலை, மேரியிலும் ஓலை.

இந்த ஓலையைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே யோசித்திருக்கிறேன். அரசாங்க ஆபீசில் காலமெல்லாம் சுற்றறிக்கை அனுப்பியே ஓய்வு பெற்றவன் என்பதால் இருக்கலாம். சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தால் போதும், யாரும் பதில் எழுத மாட்டார்கள். ஓலை அப்படிப்பட்டதல்ல. கேட்டவனுக்கும் அதில் ஒரு கடமை இருக்கிறது. தடை தெரிந்தவர்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. முதல் மனைவி உயிரோடிருப்பதை மறைத்து இரண்டாம் கல்யாணத்துக்கு வந்து நிற்கும் மாப்பிள்ளையைப் பிடிக்க அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது. கோவிலில் கூடியிருந்த அத்தனை பேரின் ஞாபகமும்தான் அன்றைக்கு ஆவணக் காப்பகம்.

பிரான்சில் இந்த அறிவிப்பு நேரத்துக்கு 'ப்ரோன்' என்று பெயர். பிரசங்கம், இறந்தவர் பெயர்கள், கல்யாண ஓலை, வரும் வாரத்து ஒருசந்தி, திருநாள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாத காலம் என்பதால் அரசரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார். கர்ப்பத்தை மறைத்துப் பிள்ளை பெற்று அது இறந்துபோனால் தாய்க்கு மரண தண்டனை என்று இரண்டாம் ஆன்ரி அரசர் 1556இல் ஒரு சட்டம் போட்டார். அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கோவிலிலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது கட்டளை. 14ஆம் லூயியும் 1708இல் அதை மறுபடி வலியுறுத்தினார். மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்ட வேலைக்காரப் பெண்களை நினைத்துப் பாருங்கள். பூசை லத்தீனில், அதில் ஒரு வார்த்தையும் விளங்காது. அறிவிப்பு மட்டும் அவரவர் மொழியில் நன்றாக விளங்கும்.

நம்மூரிலும் 1960களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீன்தான். பிரசங்கமும் அறிவிப்பும் தமிழில். சிறுவயதில் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது அறிவிப்பு ஒன்றுதான் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.

வாய் அறிவிப்பு கோவிலுக்கு வந்தவர்களுக்கு. வராதவர்களுக்கு மணி. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் திரிகால மணி. யாராவது இறந்தால் துக்க மணி, பிரெஞ்சில் 'கிளா'. விட்டு விட்டு அடிக்கும் அந்த ஓசை கேட்டால் அடுப்படியில் இருக்கும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவரிடம் "யாரு?" என்று கேட்பார்கள். அந்த "யாரு?" என்ற கேள்வியிலேயே சாவுச் செய்தி அரைமணியில் ஊர் சுற்றிவிடும். மணி பெயர் சொல்லாது, பெயரை அக்கம்பக்கத்துச் சனம் சொல்லும்.

மணி எல்லார் காதிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. உள்ளே போனால் கதை வேறு. இப்போது நாம் சம்பா கோவில் என்று சொல்லும் கோவில் 1791இல் எழுந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கோவிலுக்குள், பறையர் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அந்த மக்கள் முறையிட்டதன்மேல் சுவர் இடிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரே அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் ஒரே இடத்தில் உட்காரவில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

மணிக்கும் எட்டாதவர்களுக்குக் கோவில் பிள்ளை இருந்தார். கிராமப் பங்குகளில் உபதேசியார். எந்த வீட்டில் கிழவி படுத்த படுக்கை, எந்த வீட்டுக்குச் சாமியாரை நற்கருணையோடு அழைத்துப் போக வேண்டும், எந்த இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சம்பளம் சொற்பம். செய்தி இலவசமாக வந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் செருப்புத் தேய்ந்த கணக்கை யாரும் எழுதவில்லை.

இனி கைப்பேசிக்கு வருகிறேன். உலகத்தின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவருக்குக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பினார். செய்தி என்ன தெரியுமா? "மெர்ரி கிறிஸ்துமஸ்". கோவில் சமாச்சாரத்தோடுதான் பிறந்தது என்று எங்கள் பங்கு இளைஞர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற கணக்கு ஜெர்மானியரான ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் வகுத்தது. 1985இல் வீட்டில் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, 160 போதும் என்று முடிவு கட்டினாராம். அவருக்குப் போதும். தமிழுக்கு? யுனிகோட் எழுத்தில் அனுப்பினால் 160 கிடையாது, 70தான். அதிலும் நம் எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணுவார்கள். 'க' ஒன்று, 'கா' இரண்டு, 'க்' இரண்டு. 'நாளை ஞாயிறு காலை பூசை 5.30க்குப் பதில் 6 மணிக்கு நடக்கும்.' என்று எழுதினால் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 58 இடம் போய்விடும். மிச்சம் 12. 'பங்குத் தந்தை' என்று கீழே போட 13 வேண்டும்! அது இரண்டாவது செய்தியாகிவிடும்.

போதாக்குறைக்கு அந்நாளைய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றான காலம் அது. பிரெஞ்சும் முழுதாகத் தப்பவில்லை. அந்த 160 எழுத்துப் பட்டியலில் 'அக்சாங் தேகு', 'அக்சாங் கிராவ்' போட்ட எகரங்களுக்கு இடம் உண்டு; தொப்பி போட்ட எகரத்துக்குக் கிடையாது. திருநாளுக்கு 'போன் ஃபேத்' என்று இலக்கணப்படி எழுதினால் அந்த ஒரு தொப்பிக்காகச் செய்தி முழுவதும் 70 எழுத்துக் கணக்குக்கு இறங்கிவிடும். தொப்பியைக் கழற்றிவிட்டே எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள். எங்கள் பழைய பிரெஞ்சு வாத்தியார் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

2007இல் மும்பை நிறுவனம் ஒன்று 'எஸ்.எம்.எஸ். குப்ஷப்' என்ற சேவையைத் தொடங்கியது. ஒரு குழுவை அமைத்து, ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். அவர்களே குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் இலவசமாக அனுப்பிவிடுவார்கள். குப்ஷப் என்றால் இந்தியில் வெட்டிப் பேச்சு. அதில்தான் பூசை நேரமும் பாடகர் குழு ஒத்திகையும் போயின. 2008இல் கூகுளும் இந்தியாவுக்கென்று இதே மாதிரி இலவச சேவை ஒன்று தொடங்கியது. எங்கள் பங்கில் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதற்காகப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

வீட்டுக்கு ஒரு நம்பர் என்று வாங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பட்டியல் முழுக்க ஆண்கள். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் தவிரக் கோவிலுக்கு வராதவர்கள். தினமும் விடியற்காலைப் பூசைக்கு வந்து முன் பெஞ்சில் உட்காரும் பெண்களுக்கு நம்பரே இல்லை. "எங்க பையன் நம்பரைப் போட்டுக்கோங்க" என்பார்கள். பையன் சென்னையில் வேலையில் இருப்பான். நாளைக்குப் பூசை 6 மணிக்கு என்ற செய்தி அவன் சட்டைப்பையில் மணியடிக்கும். அம்மா இருட்டில் 5.30க்கே வந்து படியில் உட்கார்ந்திருப்பார்.

இலவசம் என்றேனே, அதற்கும் யாரோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அந்த நிறுவனம் தொலைபேசிக் கம்பெனிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். விளம்பரத்தில் அதை எடுக்கப் பார்த்தார்கள். பிற்பாடு அது வியாபார நிறுவனங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொடுக்கும் தொழிலுக்கு மாறிவிட்டது. கூகுளும் கடையை மூடியது. நடுவில் அரசாங்கமும் வந்தது. அயோத்தி வழக்குத் தீர்ப்புக்கு முன் 2010 செப்டம்பரில் மொத்த எஸ்.எம்.எஸ். நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. விளம்பரத் தொல்லையை ஒழிக்க 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 செய்தி என்று டிராய் வரம்பு வைத்து, பிறகு 200 ஆக்கியது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தார் வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்து ரயிலேறி ஓடியபோது ஒரே தடவையில் ஐந்து செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று உத்தரவு வந்தது. சில நாளில் 20 ஆக்கினார்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்டு 29. நடைப்பயணக் குழுவினர் நாள், நேரம் பேசி முடிவு செய்யும் வாரம் அது. வதந்தியை நிறுத்தப் போட்ட பூட்டு அவர்கள் கதவிலும் விழுந்தது. அரசாங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன், அன்றைக்கு அது தேவைதான். மணிக்கயிற்றை இழுக்க டில்லியைக் கேட்க வேண்டியதில்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

பிறகு வாட்ஸ்அப். எல்லோருக்கும் தெரிந்த கதை; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கணக்கு ஒழிந்தது, தமிழ் தமிழாகவே வந்தது. குழுவில் 2016இல் 256 பேர் சேரலாம், 2022இல் 1024 பேர். ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு குழு. குட் மார்னிங் பூக்களும் மருத்துவக் குறிப்புகளும் வந்து குவிந்ததால், அட்மின் மட்டுமே பேசலாம் என்று 2018இல் ஒரு வசதி கொண்டுவந்தார்கள். பல பங்குகளில் அதைப் போட்டுவிட்டார்கள். நிம்மதிதான். ஆனால் கல்யாண அறிவிப்பு அந்தக் குழுவில் வந்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. கீழே பதில் எழுதும் இடம் பூட்டியிருக்கிறது.

2020இல் இதன் உண்மையான பெறுமதி தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு, 25 முதல் முழு அடைப்பு. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறும் 12 ஈஸ்டரும் சனமில்லாமல் நடந்தன. அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்பது உத்தரவு. கோவில் அறிவிப்பு என்றால் வாருங்கள் என்பதற்காகத்தான் என்று பழகிய நமக்கு, இன்னார் இறந்தார், யாரும் வரவேண்டாம் என்று முதன்முதலாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தியும் இல்லாமல் இருந்திருந்தால் நம் பெரியவர்கள் பலர் யாருக்கும் தெரியாமலேயே மண்ணுக்குப் போயிருப்பார்கள்.

கொரோனா முடிந்து ஒரு பங்கில் (பெயர் வேண்டாம்) நடந்தது இது. துக்க மணி அடிப்பதை அங்கே விட்டுவிட்டார்கள். குழுவில்தான் வந்துவிடுகிறதே என்ற நினைப்பு. ஒரு மூதாட்டியின் ஐம்பது வருஷத் தோழி, நாலு தெரு தள்ளி, இறந்துபோனார். காலையிலேயே குழுவில் செய்தி, சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். மூதாட்டி வீட்டு நம்பர் பிரான்சில் இருக்கும் மகனுடையது. அவன் வேலை முடிந்து செய்தியைப் பார்த்து, "அம்மா, அடக்கத்துக்குப் போனியா?" என்று கூப்பிட்டபோது இங்கே இரவு ஒன்பது மணி. பாரீசுக்குத் தெரிந்த சாவு நாலு தெருவுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் ஒருவரையும் திட்டவில்லை. மறுநாள் பூசைக்கு வந்தவர், முடிந்ததும் நேரே கல்லறைக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த மாலைகள் பக்கத்தில் வெகுநேரம் நின்றார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த வாரமே பங்குப் பேரவையில் பேச்சு வந்து, துக்க மணி திரும்ப அடிக்கிறார்கள். போன் இல்லாத வீடுகளை ஒரு நோட்டில் எழுதிக் கோவில் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார்கள். மணி அடித்துவிட்டு, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். பெட்ரோல் செலவு இல்லை என்று பேரவையில் ஒருவர் குறிப்பில் எழுதச் சொன்னாராம். சைக்கிள் டியூபுக்கும் மழைக்கோட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தொகை எழுதுங்கள் என்று இன்னொருவர் சொல்ல, அதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.