உறங்கி விழிக்காத கணிப்பொறி

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு. திருவிடைமருதூர் போன்ற காவிரிக்கரை ஊரின் பிளஸ் டூ மாணவருக்கு மின்கலத்தில் எஞ்சிய மின்சாரம் பெருஞ்செல்வம். சாப்பிட எழும்போதும் மூடியைச் சாத்திக் கணிப்பொறியை உறங்க வைப்பதே சிக்கனம்.

அக்கணிப்பொறிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. சென்னை சி-டாக் மையம் 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம்.

உலகெங்கும் லினக்ஸ் மடிக்கணினிகளுக்கு ஒரு நோய் உண்டு. மூடியைத் திறந்தால் விசிறி சுழலும். திரை மட்டும் இருண்டே கிடக்கும். ஏன் இப்படி?

1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் வகுத்த ஏ.பி.எம். முறையில், உறங்க வைக்கும் வேலையைப் பெரும்பாலும் பலகையில் பதிந்த பயாஸ் நிரலே கவனித்தது. 1996 டிசம்பரில் இவ்விரண்டும் தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. முறையை வெளியிட்டன. பொறுப்பு இயங்குதளத்திடம் வந்தது. ஆனால் ஒவ்வொரு பலகையின் அமைப்பும் அதற்கு எப்படித் தெரியும்? தயாரிப்பாளர் ஒரு சிறு நிரலை எழுதிப் பலகையிலேயே வைப்பார். இயங்குதளம் அதைப் படித்து நடக்கும். ஊருக்குப் புதிதாக வந்த லஸ்கர், முன்னவர் எழுதி வைத்த சீட்டைப் பார்த்து மதகு திறப்பது போலத்தான். சீட்டில் பிழையிருந்தால் தண்ணீர் வேறு வாய்க்காலில் ஓடும்.

அச்சீட்டுகளைப் பலர் விண்டோசை மட்டும் வைத்தே சோதித்தனர். "நீ எந்த இயங்குதளம்?" என்று அச்சிறு நிரல் கேட்கும். "லினக்ஸ்" என்று உண்மை சொன்னால், எவரும் சோதிக்காத கிளையில் போய் மாட்டிக்கொள்ளலாம். எனவே 2007இல் லினக்ஸ் தன் பெயருக்கு "ஆம்" சொல்வதை நிறுத்தியது. விண்டோசின் பெயர்களைக் கேட்டால் மட்டும் "ஆம்" என்கிறது! வேடிக்கைதான், ஆனால் வேறு வழியில்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். விழிக்கும் வழியில் பொறி உறைந்தால் திரை இல்லை, வட்டு இல்லை. மறுபடி இயக்கினால் நினைவகமும் துடைக்கப்படும். அழியாமல் நிற்பது ஒன்றே: பொத்தான் அளவு மின்கலத்தில் ஓடும் கடிகாரச் சில்லு. 2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதையே சாட்சியாக்கினார். விழிக்கும்போது ஒவ்வொரு படியிலும், எந்தச் சாதனத்தை எழுப்புகிறோம் என்பதற்கான குறியெண்ணைக் கடிகாரத்தில் நாள், நேரம் போல எழுதிவிடுவது அவர் முறை. பொறி உறைந்ததா? மறுபடி இயக்குங்கள். கடிகாரம் பொருந்தாத ஏதோ ஒரு நாளைக் காட்டும். அந்தப் பொய்த் தேதியைக் கொண்டு, கடைசியாக எழுப்பப்பட்ட சாதனம் எதுவென்று லினக்ஸ் கணித்துச் சொல்லும். கடிகாரம் நிற்காமல் ஓடுவதால் மூன்று நிமிடத்திற்குள் இயக்கியாக வேண்டும். தாமதித்தால் சாட்சியம் கலைந்துவிடும்.

குற்றவாளி அகப்பட்டதும் அதன் இயக்கி நிரலை மட்டும் விலக்கிவிட்டு, மீண்டும் மூடியைச் சாத்திப் பார்ப்பார்கள். பொறி விழித்தால் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டியதுதான் பாக்கி.