வானம் காத்திருக்காது: ஜிஎம்ஆர்டியின் மென்பொருள் கோரிலேட்டர்

புனேவுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. போனால் கோடத் கிராமம். அதைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ் ஆன்டெனாக்கள் நிற்கின்றன. நடுவில் நெருக்கமாக 14, 'ஒய்' வடிவக் கைகளில் 16. இதுதான் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி. நம்ம ஊட்டியில் 1970-ல் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் முன்னின்று உருவாக்கினார்.

30 டிஷ்களும் ஒரே தொலைநோக்கி மாதிரி வேலை செய்யணும்னா, ஒவ்வொரு ஜோடியின் சிக்னலையும் பெருக்கிக் கூட்டணும். இந்த வேலையைச் செய்வதுதான் கோரிலேட்டர். 30 ஆன்டெனாவுக்கு 435 ஜோடிகள். 40 ஆக்கினால் 780! ஆன்டெனா மூன்றில் ஒரு பங்கு கூடினாலே வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அதனால் ஆரம்பத்தில் இதற்கென்றே செய்த சிப்களைப் பயன்படுத்தினார்கள். வேகம் உண்டு, ஆனால் புதுசா ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க முடியாது.

ஜயந்த ராய், யஷ்வந்த் குப்தா, டொரண்டோவின் ஊ-லி பென் முதலியோர் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு, 48 கணினிகள் கொண்ட லினக்ஸ் கிளஸ்டரில் அதே வேலையை மென்பொருளாகவே செய்து காட்டியிருந்தார்கள்.

இதில் என்ன கஷ்டம்? அலைவரிசை அகலம் 33 மெகாஹெர்ட்ஸ். குறைந்தது அதன் இரு மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுக்கணும். ஆன்டெனாவுக்கு இரண்டு போலரைசேஷன் வீதம் 60 சிக்னல்கள். ஆக, நொடிக்குச் சுமார் 400 கோடி எண்கள். "கொஞ்சம் இருங்க" என்று வானத்திடம் சொல்ல முடியாது. ஒரு நொடி பின்தங்கினால் அந்த நொடியின் தரவு போனது போனதுதான்.

இந்த அளவில் பெருக்கல் மட்டும் பிரச்சினை இல்லை. எண்களை மெமரியிலிருந்து ப்ராசஸருக்குக் கொண்டு வருவதும் பெரிய வேலை. ஜோடி ஜோடியாக வெகுளித்தனமாகக் கணக்கிட்டால், ஒரே ஆன்டெனாவின் தரவை 29 தடவை இழுத்து வரணும். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் ஒவ்வொரு இட்லிக்கும் சாம்பார் எடுக்க சமையலறைக்கு ஓடினால் எப்படி இருக்கும்? கையோடு எடுத்து வந்து வரிசையாக ஊற்றுவதுதானே வழக்கம். தரவைச் சிறு துண்டுகளாக்கி, கேஷில் இருக்கும்போதே அதை வைத்து முடிந்தவரை எல்லா வேலையையும் முடித்துவிடுவதும் அதே உத்திதான்.

அதற்குமேல் வெக்டர் கட்டளைகள்: 128 பிட் ரெஜிஸ்டரில் ஒரே கட்டளையில் நான்கு 32 பிட் எண்கள். பிறகு எல்லா கோர்களுக்கும் வேலை கிடைக்க பல த்ரெட்கள். கணினிகளுக்கிடையே தரவு கடத்த இரட்டை கிகாபிட் இணைப்பு.

இவ்வளவு பாடுபட்டதன் பலன் வேகம் மட்டுமல்ல. நேரம், அதிர்வெண் துல்லியத்தைத் தேவைக்கேற்ப மாற்றலாம். மனிதர்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சலை வடிகட்டும் புது அல்காரிதத்தைச் சேர்க்கலாம். சிப்பில் உறைந்திருந்த முடிவுகள் நிரலுக்கு வந்துவிட்டன. கருவியை மாற்றும் உரிமை அதைப் பயன்படுத்துபவர்கள் கைக்கு வந்தது என்றே சொல்லலாம்.

பின்னால் ஜிஎம்ஆர்டி மேம்படுத்தப்பட்டு அகலம் 400 மெகாஹெர்ட்ஸ் ஆனபோது எஃப்பிஜிஏவும் ஜிபியுவும் வந்தன. வன்பொருள் மாறியது, ஆனால் தரவை எத்தனை தடவை நகர்த்துகிறோம் என்ற கேள்வி அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது.