மியூவானின் ஆயுளும் சிறப்புச் சார்பியலும்

மியூவான் என்பது எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறை கொண்ட, நிலையற்ற துகள். ஓய்வில் இதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி; அதற்குள் ஒளியே சுமார் 660 மீட்டர்தான் கடக்கும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இதை உண்டாக்குகின்றன. அப்படியானால் அநேகமாக எல்லா மியூவான்களும் வழியிலேயே சிதைந்துபோக வேண்டும். ஆனால் தரையில் ஏராளமாகப் பதிவாகின்றன. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் (கால நீட்டிப்பு) என்று ஐன்ஸ்டைன் 1905இல் கண்ட முடிவே இதற்கு விளக்கம்.

தாழ்வான உயரத்திலும் மியூவான்கள் பிறக்கலாமே என்பது நியாயமான ஐயம். ஃப்ரிஷும் ஸ்மித்தும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, ஒளிவேகத்தில் 99.5 விழுக்காடு வேகமுள்ளவற்றை மட்டும் பிரித்து, இரு உயரங்களில் எண்ணியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மலையுச்சியில் மணிக்குச் சுமார் 563. ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே, கடல்மட்டத்தில் 408. கால நீட்டிப்பு இல்லையெனில் 27 அளவில்தான் மிஞ்சியிருக்கும். மியூவானின் பார்வையில் அதன் ஆயுள் மாறுவதில்லை. மலையின் உயரமே 200 மீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. இரு கணக்கும் தரும் விடை ஒன்றே. வேகத்தால் அல்ல, முடுக்கத்தால் ஆயுள் நீள்கிறது என்ற வாதமும் நிற்காது. செர்ன் ஆய்வகத்தின் சேமிப்பு வளையத்தில் மியூவான்கள் கடும் முடுக்கத்துக்கு உள்ளாகிச் சுழன்றன. 1977இல் வெளியான முடிவின்படி ஆயுள் சுமார் 64.4 மைக்ரோவினாடி. வேகத்தை மட்டும் கொண்டு கணித்த 29.3 மடங்கோடு அது பொருந்துகிறது.