இளைத்த காலுக்கு என்ன மருந்து?

சரித்திரக் கதைகளில் வரும் குதிரைகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டாகிறது. அவற்றுக்கு நாலுகால் பாய்ச்சலைத் தவிர வேறு நடையே கிடையாது. கதாநாயகனைச் சுமந்துகொண்டு காட்டாற்றைத் தாண்ட வேண்டும். கோட்டை அகழியைத் தாண்ட வேண்டும். அத்தியாயம் முடிகிற இடத்தில் வாயில் நுரை தள்ள வந்து நிற்க வேண்டும். "அந்தக் குதிரைக்கு எந்தப் பின்னங்கால் இளைத்த கால்?" என்று எந்த வாசகரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால், நிஜமான சரித்திரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அதற்கு விடை தேடினார்கள். 'டிரெஸாஜ்' என்று பிரெஞ்சு மொழியில் பெயர் பெற்ற குதிரைப் பயிற்சிக் கலையின் கதை, பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியின் கதைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் குதிரையின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். குதிரை சும்மா நிற்கும்போது அதன் பாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. தலையும் கழுத்தும் முன்னே நீட்டிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். முதுகில் மனிதன் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கத்துச் சுமை இன்னும் கூடிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் எலும்பு மூட்டு கிடையாது. குதிரைக்குக் காறை எலும்பே இல்லை. தசைகளால் ஆன ஒரு தூளியில்தான் அதன் மார்பு தொங்குகிறது. பின்னங்கால்களோ இடுப்பெலும்பின் வழியாக முதுகெலும்போடு பூட்டப்பட்டவை. உந்தித் தள்ளும் சக்தி அங்கேதான் இருக்கிறது. ஆகவே அந்தக் கால்களை வயிற்றுக்குக் கீழே வரச் செய்து, மடக்கி, பாரத்தில் ஒரு பங்கை ஏற்கச் செய்துவிட்டால் முன்பக்கம் லேசாகும், சவாரியும் சுகமாகும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. மனிதரில் வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருப்பதுபோல, குதிரையும் பிறவியிலேயே சற்றுக் கோணல். ஒரு பின்னங்கால் வயிற்றுக்குக் கீழே வந்து உழைக்கும். மற்றொன்று சற்று ஒதுங்கி வெளியே விழும், மடங்காமல் விறைத்துக்கொள்ளும். நம் ஊர் மாட்டு வண்டியில் ஒரு மாடு சண்டியாக இருந்தால் என்ன நடக்கிறது? நுகத்தடியின் பாரமெல்லாம் மற்ற மாட்டின் கழுத்தில் இறங்குகிறது. வண்டி என்னவோ ஓடத்தான் செய்யும். ஆனால் உழைக்கிற மாடு சீக்கிரம் ஓய்ந்துபோகும். சண்டி மாடு மேலும் சண்டியாகும். குதிரையின் உடம்புக்குள்ளேயே இப்படி ஒரு ஜோடி பூட்டப்பட்டிருக்கிறது.

சண்டித்தனத்துக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற வைத்தியம் சாட்டை. 1550-ம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்து கிரிஸோனே என்ற பிரபு குதிரைப் பயிற்சியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பல பாஷைகளில் மொழிபெயர்க்கப்பட்டுப் பிரமாதமாகப் பரவிய புத்தகம் அது. முரட்டுக் குதிரையை வழிக்குக் கொண்டுவர அதில் சொல்லியிருக்கும் உபாயங்களில் ஒன்று, ஒரு கம்பின் நுனியில் பூனையைக் கட்டிக் குதிரையின் பின்புறத்தில் காட்டுவது! பூனை என்ன பாவம் செய்தது என்பது தெரியவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்கு முன்பே நல்ல வழியை ஒருவர் எழுதி வைத்திருந்தார். ஏதென்ஸ் நகரத்து செனபோன் என்னும் அந்த கிரேக்கர், சாக்ரடீஸின் சீடர், படைத்தலைவர், சரித்திர ஆசிரியர். குதிரையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டிராமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிப் பழக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகும் என்று அவர் சொன்னார். பின்னங்கால்களை உள்ளே கொண்டுவந்து மடக்கினால் குதிரையின் முன்பக்கம் தானாகவே உயரும் என்பதையும் கண்டிருந்தார். அடித்துச் செய்விக்கிற வித்தையில் அழகில்லை, குதிரைக்கு அது புரிவதும் இல்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை.

மறந்துபோன அந்தக் கொள்கைக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. பிரான்ஸில் இளவயது அரசர் பதின்மூன்றாம் லூயிக்குச் சவாரி கற்றுக் கொடுத்த புளுவினெல், அடியைக் குறைத்து அறிவை வளர்க்கச் சொன்னார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் தோற்று ஆன்ட்வெர்ப் நகரத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நியூகாசில் பிரபு, 1658-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில், குதிரையின் தலையை உள்பக்கம் வளைத்து வட்டமாக ஓட்டும் பயிற்சியை விவரித்தார். அதனால் தோள்கள் இளகின. ஆனால் பாரம் முன்பக்கத்திலேயே நின்றது.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் பிரான்ஸுவா ரொபிஷோன் த லா கெரினியேர். பாரிஸில் துயிலெரி அரண்மனையைச் சேர்ந்த சவாரிக் கூடத்தின் தலைவராக இருந்தவர். 1733-ல் வெளிவந்த அவருடைய நூல் இன்றைக்கும் இந்தக் கலையின் மூல நூலாக மதிக்கப்படுகிறது. நியூகாசிலின் வட்டத்தை எடுத்து அவர் நேர்கோட்டில் பிரித்து வைத்தார். குதிரை சுவரை ஒட்டி நடக்கிறது. சவாரி செய்பவர் அதன் தோள்களை மட்டும் சுவரிலிருந்து சற்று உள்ளே கொண்டுவருகிறார்; இடுப்பு சுவர் ஓரத்திலேயே இருக்கிறது. உடம்பு வில்லைப்போல் லேசாக வளைகிறது. இந்த நிலையில் முன்னே போக வேண்டுமானால், உள்பக்கத்துப் பின்னங்கால் வயிற்றுக்குக் கீழே குறுக்காக எட்டி வைத்தே ஆக வேண்டும். வைத்த பிறகு பாரத்தைத் தாங்க மடங்கியே ஆக வேண்டும். ஒதுங்கி நழுவ அதற்கு வழி இல்லை, அடியும் இல்லை.

இடது கால் இளைத்த காலாக இருந்தால் அது உள்பக்கம் வரும்படி செய்ய வேண்டும். சில அடிகள் போதும். பிறகு நேரே போகவிட்டு, கழுத்தை நீட்டி இளைப்பாற விட வேண்டும். அப்புறம் மறுபக்கம். பலமுள்ள காலை மறந்துவிட்டால், நாளடைவில் கோணல் இடம் மாறுமே தவிர மறையாது. லா கெரினியேர் இந்தப் பயிற்சியைக் குதிரைக்கு முதல் பாடமாகவும் கடைசிப் பாடமாகவும் கருதினார்.

வியன்னாவில் ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி 1729 முதல் 1735 வரை கட்டுவித்த வெள்ளை மண்டபத்தில், ஸ்பானியச் சவாரிப் பள்ளி இன்றும் அவர் வழியைத்தான் பின்பற்றுகிறது. அங்கே லிப்பிஸானர் என்னும் வெள்ளைக் குதிரைகள், பின்னங்கால்களை மடக்கி அமர்ந்து, முன்னங்கால்களை ஆகாயத்தில் மடித்துக்கொண்டு சில விநாடி சிலைபோல் நிற்பதுண்டு. பார்ப்பவர்கள் அதை வேடிக்கை என்று நினைக்கலாம். எனக்கு அது ஒரு பரீட்சையாகவே தோன்றுகிறது. குதிரையின் பாரமும் மனிதனின் பாரமும் இரண்டே கால்களில் நிற்கின்றன. இரண்டில் ஒன்று ஏமாற்றுக்காரக் காலாக இருந்தால் அந்தச் சிலை சாய்ந்துவிடும். அந்தச் சில விநாடிகளுக்குப் பின்னால் பல வருஷங்களின் பாடம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழக்கமில்லாததால் இளைத்த கால் வேறு. காயத்தாலோ மூட்டு நோயாலோ வலிக்கிற கால் வேறு. வலிக்கிற காலின் மேல் பாரத்தை ஏற்றுவது பயிற்சி அல்ல, கொடுமை. முதலில் மிருக வைத்தியர் பார்க்க வேண்டும். அவர் சம்மதித்த பிறகும், மெதுநடை, சிறு மேட்டில் ஏற்றம், தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டி நடப்பது, பெரிய வட்டம் என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். தசை சில வாரங்களில் தேறும்; நரம்பு நாண்களும் எலும்பும் தேறப் பல மாதங்கள் பிடிக்கும். அவசரப்படுகிறவர்களுக்குக் குதிரை ஏற்றதல்ல.

இந்தக் கலையின் கதையில் மற்றொரு இளைத்த காலும் வருகிறது. அது குதிரையின் கால் அல்ல. டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணிக்கு 1944-ல், 23-வது வயதில், இளம்பிள்ளை வாதம் கண்டது. அப்போது அவர் கர்ப்பிணி. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் கால்களில் முழங்காலுக்குக் கீழே உயிர்ப்புத் திரும்பவில்லை. குதிரையின் பின்னங்காலை வா என்று கூப்பிடுவது சவாரி செய்பவரின் கால்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்; அந்தக் கால்தான் அவருக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் அவர் விடவில்லை. முதலில் தவழ்ந்தார், பிறகு ஊன்றுகோலுடன் நடந்தார், பிறகு பிறர் தூக்கி ஏற்றிவிடக் குதிரைமேல் அமர்ந்தார். ஜுபிலி என்ற அவருடைய பெண்குதிரை, காலின் அழுத்தத்துக்குப் பதிலாக, முதுகின் அசைவையும் உடம்பின் பாரத்தையும் கொண்டே எஜமானியின் எண்ணத்தைப் புரிந்துகொள்ளப் பழகியது.

ஒலிம்பிக் டிரெஸாஜ் பந்தயம் அதுவரையில் ராணுவ அதிகாரிகளின் ஏகபோகமாக இருந்தது. 1952-ல் ஹெல்சிங்கியில் முதல் தடவையாகப் பெண்களும் அனுமதிக்கப்பட்டார்கள். லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பரிசு மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்ரி செயின்ட் சிர். 1956-ல் மறுபடியும் வெள்ளி.

அதற்குப் பிறகு, நடக்க முடியாதவர்களுக்குக் குதிரைச் சவாரியையே சிகிச்சையாகக் கொடுக்கும் வழக்கம் பல தேசங்களில் பரவியது. குதிரை நடக்கும்போது அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பு, தாமே நடப்பதுபோல் அசைகிறதாம். தன் பின்னங்கால்களைச் சமமாக வைத்து நடக்கத் தெரிந்த குதிரையே அதற்கு ஏற்றது. இரண்டாயிரம் வருஷமாக மனிதன் குதிரைக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை, இப்போது குதிரை மனிதக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.